நூற்றுப் பதினேழாம் துளை

நவம்பர். லவுபாஹ் ஊருக்குக் கிழக்கே
பீச் மரக் காட்டில்
ஐம்பது மீட்டருக்கு ஒரு துளை.
வீப்கே துரப்பணத்தைத் திருகுகிறாள்,
நான் காகிதப் பைகளில் எண் எழுதுகிறேன்.
முதலில் இலைமக்கு. அப்புறம் பழுப்புக் களி.
முழங்கை மறையும் ஆழத்தில்
திடீரென்று சிவப்பு.

செம்புறைமண், ஜெர்மனியில்.
புதுக்கோட்டை ஞாபகம் வருகிறதா என்றாள்,
அவளுக்கு நான்தான் படம் காட்டியிருந்தேன்.
வரவில்லை. விரல் விறைத்ததுதான் மிச்சம்.

இரண்டு கோடி ஆண்டுக்கு முன்பு
இந்த எரிமலைக் கல்லின் மேல்
வெயில் காய்ந்திருக்கிறது, மழை விடாமல் பெய்திருக்கிறது.
கரையத் தெரிந்ததெல்லாம் கரைந்து போய்விட்டது.
போகமாட்டேன் என்றவை நின்றுவிட்டன:
இரும்பு, அலுமினியம்,
அலுமினியத்தின் நிழலில் ஒண்டிய காலியம்.
எங்களை அனுப்பியவர்களுக்கு அந்தக் காலியம் வேண்டும்.
ஆய்வகமோ ஐம்பத்து மூன்று தனிமங்களை
ஒரே விலைக்கு எண்ணித் தரும்.
தங்கம் அதில் கொசுறு.

மூன்று வாரம் கழித்துக்
கொசுறு பேசியது.
நூற்றுப் பதினேழில் மட்டும்
நூறு கோடிக்கு அறுபத்து நான்கு பங்கு.
சுற்றியிருந்த துளைகளில் ஒன்றுகூட இல்லை.

நிறுவனத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி.
நிலத்துக்காரர் ஓட்மார் வைட்னர்
வரப்போரம் வந்து நின்றார், கை கட்டிக்கொண்டு:
"என் கோதுமையைத் தோண்டுவீர்களா?"
காட்டில்தானே எடுத்தோம் என்றேன்.
"காடு முடிகிற இடம் உங்களுக்குத் தெரியுமா?"

வீப்கே அட்டவணையைக் கோடு கோடாகப் பார்த்தாள்.
புதைந்து கிடப்பது தானாக வாய் திறக்காது,
அதன் கூட்டாளிகளை விசாரிக்க வேண்டும்.
ஆர்செனிக் அமைதியாக இருந்தது.
ஆன்டிமனி இல்லை. பிஸ்மத் இல்லை.
இத்தனை பெரிய திருடன்
கூட்டாளி ஒருத்தனும் இல்லாமலா
ஊருக்குள் வந்தான்?

அவள் என் வலது கையைப் பார்த்தாள்.

நூற்றுப் பதினேழில் முள்புதர்.
கையுறை கிழிந்து,
கழற்றி எறிந்துவிட்டு
வெறுங்கையால் கட்டிகளை நொறுக்கினேன்.
பதினோரு வருட மோதிரம், இருபத்திரண்டு காரட்.
பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள்:
நகை அணிந்து மண்ணைத் தொடாதே.
அந்த வாக்கியத்துக்குக் கீழே
நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சோப்பு போட்டுத்தான் கழன்றது.
விரலில் வெள்ளையாய் ஒரு வளையம்,
வெயில் படாத மண்ணடுக்கு மாதிரி.
மோதிரத்தை வண்டியின் சாம்பல்கிண்ணத்தில் போட்டு
ஒரு எட்டு தள்சி நிற்கும் முள்ளை விலக்கி
அதே இடத்தில் மறுபடி துளைத்தோம்,
பக்கத்தில் இன்னும் இரண்டு.

முடிவு: ஒன்றுக்கும் கீழே.
ஒன்றுக்குக் கீழே என்றால்
இல்லை என்று அர்த்தமில்லை, என்றாள் வீப்கே.
கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.
பிறகு சிரித்தாள்:
"உன் கல்யாணம் எங்கள் கருவிக்கு நன்றாகவே தெரிகிறது."

நான் கணக்குப் போட்டேன்.
இருபத்தைந்து கிராம் மண்ணில்
ஒன்றரை மைக்ரோகிராம் தங்கம்.
தினமும் தேய்கிறது என்று தெரியும்,
பாத்திரத்தில், ஸ்டியரிங்கில், அவன் தோளில்.
எவ்வளவு என்று
இதுவரை யாரும் எடை போட்டதில்லை.

ஹைல்பிரானிலிருந்து இரவுப் பணிக்குக் கிளம்பும்போது
குமரகுரு கூப்பிட்டான்.
தங்கம் கிடைத்ததாமே?
கிடைத்தது, நீ கொடுத்ததுதான்.
அவன் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பேருந்து கதவு திறக்கிற சத்தம்.
"அப்ப திருப்பிக் கேட்காதே" என்றான்.

அறிக்கையில் எழுதினேன்:
மாதிரி 117, மாசு, மாதிரி எடுத்தவரின் மோதிரம்.
காலியம் பரவாயில்லை, தோண்டும் அளவுக்கில்லை.
வைட்னருக்குத் தனியாக ஒரு கடிதம்,
கோதுமைக்கு ஆபத்தில்லை என்று.

சாம்பல்கிண்ணத்தைத் திறந்தேன்.
மோதிரத்தின் உள்விளிம்பில், எழுத்துப் பள்ளத்தில்,
செம்மண்.
அதை ஊசியால் சுரண்டவா வேண்டாமா என்று
வண்டியைக் கிளப்பாமல்
உட்கார்ந்திருக்கிறேன்.